குடியேறிய ஊரில் கவுன்சிலர் ஆவது எப்படி? இங்கிலாந்தில் வாழும் ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆய்வாளராகவோ விரிவுரையாளராகவோ வந்திருக்கிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் நுரை மிதக்கிறது. பிள்ளை படிக்கும் பள்ளியின் வாசலில் காலை எட்டரை மணிக்கு டீசல் புகை கலையாமல் நிற்கிறது. நாம் பிழைக்க வந்த இடம், நமக்கு எதற்கு ஊர் வம்பு என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். நானும் நான்கு வருடம் அப்படித்தான் இருந்தேன். மண்ணியல் ஆராய்ச்சிக்காக வந்தவள், வட இங்கிலாந்தின் ஒரு சின்ன நகரத்தில் தங்கிவிட்டேன். இப்போது அதே ஊரில் கவுன்சிலராக இரண்டாவது தவணை. எனக்குப் போன அந்த நான்கு வருடம் உங்களுக்கும் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதில் சொல்வது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தேர்தல் விதிகள் வேறு.

முதல் வேலை: பட்டியலில் பெயர்

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்கும் காமன்வெல்த் நாடுகள். இந்த நாடுகளின் பாஸ்போர்ட்டோடு, செல்லுபடியாகும் விசாவில் இங்கே குடியிருப்பவர் உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. ஐ.எல்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதியும் தேவையில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் அமெரிக்க, சீன நண்பர்களுக்கு இந்த உரிமை கிடையாது, உங்களுக்கு உண்டு. இத்தனை வருடத்தில் நான் சந்தித்த தமிழ் ஆய்வாளர்களில் பாதிப்பேருக்காவது இது தெரியாது. தெரியாமலே ஐந்தாறு தேர்தல்களைக் கடந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நேஷனல் இன்சூரன்ஸ் எண் கையில் இருந்தால் இணையத்தில் பதிவு செய்யச் சில நிமிடங்கள் போதும். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் முடித்துவிட வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் வழக்கமாக மே மாதத்தின் முதல் வியாழக்கிழமை நடக்கும். 2023 மே முதல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டையே காட்டலாம். பட்டியலில் பெயர் இருப்பது பின்னால் வேட்பாளராக நிற்கும்போதும் உதவும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது: யார் கையில் எது இருக்கிறது

படித்தவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பிரச்சினை நன்றாகப் புரிந்திருக்கும். அதைத் தீர்க்கும் அதிகாரம் யாரிடம் என்று தெரியாது. தவறான கதவைத் தட்டிக்கொண்டே ஒரு வருடம் போய்விடும்.

இங்கே சில ஊர்களில் கவுன்சில் இரண்டடுக்கு. குப்பை எடுப்பதும் கட்டட அனுமதி கொடுப்பதும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்; சாலையும், எடுத்த குப்பையை என்ன செய்வது என்பதும் கவுண்டி கவுன்சில். வேறு ஊர்களில் எல்லாம் ஒரே கவுன்சிலிடம். இரண்டடுக்கு முறையை ஒன்றாக்கும் வேலையும் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் உங்கள் முகவரிக்கு இன்றைக்கு எது பொருந்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்று நீரின் தரம் என்விரான்மென்ட் ஏஜென்சியின் பொறுப்பு. சாக்கடைக் குழாய் தண்ணீர் கம்பெனியுடையது. ஆனால் மழைவெள்ளம் தெருவுக்குள் புகுந்தால், 2010ஆம் ஆண்டு வெள்ளச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எந்த அமைப்புக்கு எந்தப் பொறுப்பு என்று விசாரித்து அறிக்கை வெளியிடும் கடமை கவுண்டி அல்லது ஒற்றை அடுக்குக் கவுன்சிலுக்கு உண்டு. அந்த அறிக்கைகளைத் தேடிப் படியுங்கள். உங்கள் வார்டின் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே அடைக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

தகவல் கேட்கும் சட்டம் இரண்டு உண்டு. 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். சுற்றுச்சூழல் தகவலுக்கென்றே 2004இல் வந்த விதிகள் அவ்வளவாகத் தெரியாது. காற்று, நீர், மண், இரைச்சல், கழிவு பற்றிய கேள்வி என்றால் இந்த விதிகளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 20 வேலை நாட்களில் பதில் வர வேண்டும்.

பார்வையாளர் நாற்காலி

கவுன்சில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்கு ஐந்து முழு வேலை நாட்களுக்கு முன்பே வெளியாகிவிடும். கட்டட அனுமதியை முடிவு செய்யும் பிளானிங் கமிட்டி, முழு மன்றம், கவுன்சிலின் முடிவுகளைச் சரிபார்க்கும் ஆய்வுக் குழு, எதுவானாலும் பொதுமக்கள் போய் உட்காரலாம். மூன்று மாதம் பேசாமல் போய் உட்காருங்கள். எந்த வாதம் எடுபடுகிறது, எது காற்றோடு போகிறது என்று பாருங்கள்.

பிளானிங் கமிட்டியில் நான் முதலில் கற்றது இது. ஒரு கட்டடம் வந்தால் என் வீட்டு ஜன்னல் காட்சி மறையும், என் வீட்டு விலை குறையும் என்றெல்லாம் சொன்னால் அவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவே முடியாது; சட்டம் விடாது. போக்குவரத்து, வெளிச்சம், இரைச்சல், வெள்ள அபாயம், உயிரினங்கள் ஆகியவை செல்லும். 2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தால், 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய கட்டுமானங்களும், அதே ஆண்டு ஏப்ரல் 2 முதல் சிறியவையும், சில விலக்குகள் நீங்கலாக, இடத்தின் உயிர்ச்சூழல் மதிப்பை முன்பிருந்ததைவிட 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும். அதை 30 வருடம் பராமரிக்கவும் வேண்டும். கட்டுபவர் கொடுக்கும் அந்தக் கணக்குத் தாளைத் திறந்து, புல்வெளி என்று எழுதியது உண்மையில் என்ன புல்வெளி என்று பார்க்கக்கூடியவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? தாவரவியலோ சூழலியலோ படித்த ஒருவர் அந்த அறையில் இருந்தாலே பேச்சின் தரம் மாறும்.

ஒரே ஒரு பிரச்சினை

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பருவநிலை மாற்றம் முழுவதையும் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளாட்சிக்குள் வராதீர்கள். நடந்து போகும் தூரத்தில், பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அது ஓர் ஓடை. இந்தப் பக்கத்தில் ஓடையைப் பெக் என்பார்கள். சில சனிக்கிழமைகளில் அந்தப் பெக் பால் கலந்தது போல வெளுத்துவிடும், சோப்பு வாசனை வரும். ஆறு மாதம் மாதிரி எடுத்து, மின்கடத்துத்திறன், அம்மோனியா, பாஸ்பேட் எல்லாம் அளந்து, வரைபடங்களோடு 14 பக்க அறிக்கை எழுதிக் கவுன்சிலுக்கு அனுப்பினேன். பதிலே வரவில்லை.

பெக் ஓரம் நாயோடு நடக்க வரும் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நான் வலையோடு தண்ணீரில் நிற்பதைப் பல வாரம் பார்த்துவிட்டு, ஒருநாள் நின்று, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். காண்பித்தேன். இங்கே ஆற்றைச் சோதிக்கத் தன்னார்வலர்கள் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. ஓடையின் அடியில் கிடக்கும் கற்களை மூன்று நிமிடம் காலால் கலைத்துவிட வேண்டும். மிதந்து வருவதை வலையில் பிடித்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, எட்டு வகைச் சிற்றுயிர்களை எண்ண வேண்டும். மேஃப்ளை இளம்பூச்சிகள் மூன்று வால்களை ஆட்டிக்கொண்டு தட்டின் ஓரமாக ஒதுங்கும். காடிஸ் பூச்சி மணலாலும் சின்னக் குச்சிகளாலும் தனக்கொரு குழாய் கட்டி அதற்குள் இருக்கும். பக்கவாட்டில் படுத்தபடியே நீந்துவது நன்னீர் இறால். பாலத்துக்கு மேல்புறத் தட்டில் இவை எல்லாம் நெளிந்துகொண்டிருந்தன. பாலத்துக்குக் கீழே, ஒரு பழைய குழாயின் வாய்க்கு அந்தப் பக்கம் எடுத்த தட்டில் நான்கைந்து புழுக்களைத் தவிர ஒன்றுமில்லை.

பெரியவர் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதையே அவர்களுக்குக் காட்டுங்கள், அந்தப் பதினாலு பக்கம் வேண்டாம்" என்றார்.

அதைத்தான் செய்தோம். பல கவுன்சில்களில் பொதுமக்கள் எழுத்தில் முன்கூட்டிக் கேள்வி கொடுத்துவிட்டு, கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசலாம். இரண்டு தட்டின் படத்தையும் அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுத்து, அவரே எழுந்து பேசினார். என் பையன் மீன் பிடித்த இடம் இது, இப்போது இப்படி இருக்கிறது, அந்தக் குழாய் யாருடையது என்று கேட்டார். அதன் பிறகு காரியம் நடந்தது. சுற்றுச்சூழல் நலப் பிரிவும் தண்ணீர் கம்பெனியும் சேர்ந்து வீடு வீடாகக் கழுவு தொட்டியில் சாயம் ஊற்றிப் பார்த்தார்கள். பல குடித்தனங்களாகப் பிரித்திருந்த ஒரு வாடகை வீட்டில், துணி துவைக்கும் இயந்திரத்தின் கழிவுக் குழாயைச் சாக்கடையில் சேர்க்காமல் மழைநீர்க் குழாயில் சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமை எல்லோரும் துணி துவைக்கும் நாள். இந்த நாட்டு ஓடைகளில் இது மிகச் சாதாரணமான கோளாறு. வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் போனது, குழாயை மாற்றினார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மேஃப்ளை எண்ணினோம்.

உங்கள் ஊரில் ஓடை இல்லாவிட்டால் காற்று இருக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்க விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கவுன்சில்களே தெருவிளக்குக் கம்பத்தில் கட்டி வைக்கின்றன. மூடிக்குள் ட்ரைஎத்தனாலமைன் தடவிய கம்பி வலை இருக்கும். கீழ் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு மாதம் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஆண்டுச் சராசரிக்கான சட்ட எல்லை கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வழிகாட்டு அளவு 10. கவுன்சில் இந்த அளவுகளை ஆண்டறிக்கையாக வெளியிடுகிறது. உங்கள் பள்ளி வாசலில் குழாய் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்பதே நல்ல தொடக்கம். லண்டன் லூயிஷாமில் சவுத் சர்க்குலர் சாலைக்கு அருகில் வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் மரணத்தில் காற்று மாசுக்கும் பங்கு உண்டு என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். ஏழு ஆண்டுகள் விடாமல் போராடியது அவள் அம்மா. இந்த எண்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைதான் நினைவுக்கு வருகிறாள்.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். அளந்த எண்ணை அரசியலுக்குக் கொண்டுவரும்போது, ஆய்விதழுக்கு எழுதும் அதே நேர்மையோடு கொண்டுவாருங்கள். மூன்று மாத அளவை ஆண்டுச் சராசரி என்று நோட்டீஸில் போடாதீர்கள். ஒன்பது மாதத்துக்குக் குறைவான அளவீட்டை ஆண்டுக் கணக்காக மாற்ற முறை இருக்கிறது. அதைச் செய்யாமல் சொல்லும் எண் ஒருநாள் உங்கள் முகத்திலேயே வந்து விழும். ஊர் உங்களை நம்புவது நீங்கள் எண்ணை வளைக்க மாட்டீர்கள் என்பதற்காகத்தான்.

கட்சியா, தனியாகவா

ஏதாவது ஒரு கட்சியில் சேருவதே நடைமுறைக்கு எளிது. பசுமைக் கட்சி 1970களில் கோவென்ட்ரியில் பீப்பிள் என்ற பெயரில் சிலர் தொடங்கியது. 1989 ஐரோப்பியத் தேர்தலில் ஏறத்தாழ 15 சதவீத வாக்கு வாங்கியும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதிக வாக்கு வாங்கியவர் மட்டுமே வெல்லும் முறை அப்படி. அதன் பிறகு அவர்கள் வார்டு வார்டாகத்தான் வளர்ந்தார்கள். 2010இல் பிரைட்டனில் முதல் எம்.பி., 2024இல் நான்கு பேர். அந்த நால்வரில் கார்லா டென்யர் காற்றாலைத் துறையில் வேலை பார்த்தவர். பிரிஸ்டல் கவுன்சிலராக இருந்தபோது 2018 நவம்பரில் பருவநிலை அவசரநிலைத் தீர்மானம் கொண்டுவந்தார். அதைப் பின்பற்றி 300க்கும் மேற்பட்ட கவுன்சில்கள் அப்படி அறிவித்தன. எல்லி சௌன்ஸ் மலாவி நாட்டுக் கிராமக் குடிநீரைப் பற்றி முனைவர் பட்டம் செய்தவர்; 2017இல் ஹெரிஃபோர்ட்ஷயர் கவுன்சிலர் ஆனார். அந்தக் கவுண்டியில் லக் ஆற்றில் பாஸ்பேட் மிகுந்துபோய், 2019 முதல் வட பகுதியில் புது வீட்டுக்கு அனுமதி கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. கடைசியில் பாஸ்பேட்டை வடிகட்டக் கவுன்சிலே ஈரநிலம் அமைத்தது. ஆறு கெட்டால் வீடும் கிடைக்காது என்பதை அந்த ஊர் நேரில் பார்த்தது.

அதற்காகப் பசுமைக் கட்சிதான் ஒரே வழி என்று சொல்ல மாட்டேன். தொழிற்கட்சி, லிபரல் டெமாக்ரட், கன்சர்வேடிவ் என்று எல்லாவற்றிலும் ஆற்றுக்காகவும் மரத்துக்காகவும் வேலை செய்யும் கவுன்சிலர்களை எனக்குத் தெரியும். சுயேச்சையாகவும் பலர் வெல்கிறார்கள். எந்தக் கட்சியானாலும் அங்கீகார நேர்காணல் இருக்கும், சில மாத உறுப்பினர் காலமும் கேட்பார்கள். முதல் முறை, வெல்ல வாய்ப்பில்லாத வார்டில் பெயருக்கு நிற்கச் சொல்லலாம். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேட்புமனு எப்படி நிரப்புவது, வாக்கு எண்ணிக்கை எப்படி நடக்கும் என்று பதற்றமில்லாமல் கற்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. நான் அப்படித்தான் முதலில் நின்றேன்.

சட்டப்படி நிற்க என்ன வேண்டும்

வாக்களிக்க எந்த விசாவும் போதும் என்றேன். நிற்பதற்கு அது போதாது. காமன்வெல்த் குடிமகன் வேட்பாளராக வேண்டுமென்றால் ஐ.எல்.ஆர். வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை கட்டாயமில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதால் நம்மில் பலருக்கு இது பெரிய விஷயம்: இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே நீங்கள் கவுன்சிலர் ஆகலாம். ஐ.எல்.ஆர். கணக்கில் எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. களப்பணிக்கும் மாநாட்டுக்கும் போய்வரும் நாட்களை முதல் வருடத்திலிருந்தே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். அந்தக் கவுன்சில் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடந்த 12 மாதம் முழுக்க அங்கே குடியிருந்திருக்க வேண்டும், அல்லது உங்கள் முக்கிய வேலையிடம் அங்கே இருந்திருக்க வேண்டும், அல்லது அங்கே ஓர் இடத்தைச் சொந்தமாகவோ வாடகைக்கோ வைத்திருந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று போதும். அந்தக் கவுன்சிலிலேயே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் நிற்க முடியாது. பல்கலைக்கழக வேலை தடையில்லை, ஆனால் ஒப்பந்தத்தில் வெளிப்பணி பற்றிய பகுதியைப் படித்துவிட்டு மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல், பிரிண்டர், சின்னம் எதையும் பிரச்சாரத்துக்குத் தொடாதீர்கள்.

வேட்புமனுவில் வார்டைச் சேர்ந்த இரண்டு வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். டெபாசிட் கிடையாது. தேர்தலுக்கு 19 வேலை நாட்களுக்கு முன், மாலை 4 மணிக்குள் நேரில் சேர்க்க வேண்டும். அந்த 4 மணி என்பது 4 மணிதான். முந்தின வாரமே கொண்டுபோய் அதிகாரியிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பெயர் விஷயத்தில் ஒரு கவனம். வாக்குச்சீட்டில் குடும்பப் பெயரின் அகர வரிசையில் அச்சிடுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. விசாத் தாளில் அப்பா பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஊர் உங்களை ஒரு பெயரில் அறிந்திருக்க, சீட்டில் வேறொரு பெயர் இருந்தால் உங்கள் வாக்காளர் தேடித் திணறுவார். படிவத்தில், வழக்கமாக அழைக்கப்படும் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புங்கள். வீட்டு முகவரியை வெளியிட வேண்டாம் என்று கேட்கவும் வழி உண்டு. அதையும் கேளுங்கள், தயங்காதீர்கள்.

பணக் கணக்கு கறாரானது. செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 50 பவுண்டுக்கு மேல் வரும் நன்கொடை, தனிநபர் என்றால், பிரிட்டன் வாக்காளர் பட்டியலில் இருப்பவரிடமிருந்துதான் வர வேண்டும். ஊரிலிருந்து அண்ணன் ஆசையாக அனுப்பும் பணத்தைப் பிரச்சாரத்தில் போட முடியாது. எல்லா நோட்டீஸிலும் வெளியிடுபவர், அச்சிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். முடிவு வந்த 35 நாட்களுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். தோற்றாலும், ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும், கொடுத்தே ஆக வேண்டும்.

கதவு தட்டும் காலம்

வார்டுத் தேர்தல்கள் பெரும்பாலும் சில நூறு வாக்குகளில் முடிகின்றன. சமமாக வந்தால் குலுக்கல். 2017இல் நார்தம்பர்லாந்தில் ஓர் இடத்தை வைக்கோல் குச்சி இழுத்துத்தான் முடிவு செய்தார்கள். அதனால் ஒவ்வொரு கதவும் கணக்கில் வரும்.

வகுப்பில் ஐம்பது நிமிடம் பேசிப் பழகியவர்களுக்கு வாசலில் முப்பது நொடி பேசுவது கடினம். நான் முதலில் விளக்கிக்கொண்டே இருந்தேன், கதவுகள் மெதுவாக மூடின. அப்புறம் ஒரே கேள்வியோடு தொடங்கினேன்: "இந்தத் தெருவில் எது சரியானால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" நாய்க் கழிவு, பஸ் ரத்து, ஈரம் கசியும் சுவர், நடைபாதையில் ஏறி நிற்கும் கார் என்று சொல்வார்கள். எழுதிக்கொண்டு போய், இரண்டு வாரத்தில் பதிலோடு திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதுதான் வேலை. ஈரச் சுவரைப் பற்றிக் கேட்டுத் தீர்த்து வைத்த பிறகு அதே வாசலில் வீட்டுக் காப்பு, மின்கட்டணம், கரியமில வாயு எல்லாம் இயல்பாகவே பேச வரும்.

சில கதவுகளில் உங்கள் நிறத்தையும் உச்சரிப்பையும் பற்றிப் பேசுவார்கள். எனக்கும் நடந்தது, வலித்தது. தனியாகப் போகாதீர்கள், இருவராகப் போங்கள். மிரட்டல் வந்தால் குறித்து வைத்துக் காவல்துறையிடம் சொல்லுங்கள். இதே நாட்டில், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் குஜராத்திப் பேராசிரியராக இருந்த தாதாபாய் நௌரோஜி 1892இல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் 5 வாக்கு வித்தியாசத்தில் நாடாளுமன்றம் போனார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி. கே. கிருஷ்ண மேனன் 1934இல் செயின்ட் பான்கிராஸ் கவுன்சிலராகி, அந்தப் பகுதியின் நூலகங்களுக்காக உழைத்தார். நமக்கு முன்னால் ஆட்கள் நடந்த வழி இது.

ஜெயித்த பிறகு

தவணை நான்கு வருடம். இது சம்பள வேலை இல்லை. ஒரு படித்தொகை வரும், அதற்கும் வரி உண்டு. 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டப்படி பொதுக் கடமைக்காக நியாயமான அளவு நேரம் விடுப்புக் கேட்கலாம், ஆனால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில். வீட்டில் இருப்பவர்களோடு முதலிலேயே உட்கார்ந்து பேசி, எந்த மாலை யாருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

28 நாட்களுக்குள் உங்கள் நலன்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும்: வேலை, வீடு, பங்குகள், துணைவரின் வேலை. உங்கள் பல்கலைக்கழகம் புது விடுதி கட்ட அனுமதி கேட்டு வந்தால், அறிவித்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். பிளானிங் கமிட்டியில் இருந்துகொண்டு, விசாரணைக்கு முன்பே இதை எதிர்த்துத்தான் வாக்களிப்பேன் என்று முடிவைக் கட்டிவைத்தவர் போல நடந்துகொண்டால் அந்த முடிவையே நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும். எனக்குக் கவலைகள் இருக்கின்றன, கேட்டுவிட்டு முடிவு செய்வேன் என்று சொல்வது சரி.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஷெஃபீல்டில் 2012இல் போட்ட 25 வருடச் சாலை ஒப்பந்தத்தில் தெரு மரங்களும் சிக்கிக்கொண்டன. 5,000க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. 2016 நவம்பரில் ஒரு தெருவில் விடியும் முன்பே இயந்திரங்கள் வந்தன, தடுத்த முதியவர்களைக் கைது செய்தார்கள். 2023இல் வந்த விசாரணை அறிக்கை கவுன்சில் நடந்துகொண்ட முறையைக் கடுமையாகக் கண்டித்தது. எந்தக் கவுன்சிலரும் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பின்னிணைப்பு வரை படித்துக் கேள்வி கேட்கும் பழக்கம் நம் தொழிலில் வந்தது. அதை அங்கே பயன்படுத்துங்கள். உங்கள் வார்டில் ஒரு நல்ல மரத்துக்கு ஆபத்து என்றால் மரப் பாதுகாப்பு ஆணை கேளுங்கள். உறுதிசெய்யப்படும் வரை ஆறு மாதத்துக்குத் தற்காலிகப் பாதுகாப்புக் கிடைக்கும்.

மக்கள் சொல்லும் குறைகளில் அவர்கள் நோய், கடன், குடும்பச் சண்டை எல்லாம் வரும். அந்தத் தகவலுக்குச் சட்டப்படி நீங்களே பொறுப்பு. தனி மின்னஞ்சலில் கலக்காதீர்கள், கட்சிக்காரர்களிடம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, ஆராய்ச்சி விடுப்பில் போகும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, தொடர்ந்து ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராத கவுன்சிலர், முன்கூட்டி மன்றத்தின் ஒப்புதல் வாங்கியிருக்காவிட்டால், பதவியை இழப்பார். எனக்கு முதல் தவணையில் ஏழு மாதக் களப்பணி வந்தது. சக உறுப்பினர்களிடம் ஒப்புதல் கேட்டிருக்கலாம். ஆனால் வாக்களித்தவர்களை அவ்வளவு நாள் விட்டுப்போக மனம் வரவில்லை, ஐந்து மாதமாகக் குறைத்துக்கொண்டு கிளம்பினேன். குறைகளைக் கவனிக்க அதே வார்டின் இன்னொரு உறுப்பினரிடம், சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பட்டியல் கொடுத்தேன். பெக்கின் வலையையும் வெள்ளைத் தட்டையும் நோட்டையும் பஸ் டிரைவர் வாங்கிக்கொண்டார். மாதத்தின் முதல் சனிக்கிழமை எண்ண வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து நோட்டைத் திறந்தபோது ஐந்து சனிக்கிழமைகளும் இருந்தன, தேதி போட்டு, எட்டுக் கட்டங்களும் நிரப்பி, அன்றைய மழையையும் எழுதி.